பாட்டு இல்லாத பாண் வண்டி

ஹந்தானை மலையில் பனி விலகுவதற்கு முன்பே அம்புறோஸின் பாட்டு வந்துவிடும். அவர் பாடுவதில்லை, பாடினால் பாண் விற்காது. முச்சக்கர வண்டிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு மேலே ஸ்பீக்கர், ஸ்பீக்கரில் ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. கண்டி டவுனில் பேக்கரி வாசலில் சூடாக ஏற்றிய அச்சுப் பாணும் ரோஸ் பாணும் மீன் பணிஸும் அந்த மெட்டோடு மலை ஏறும். தண்ணீர் டாங்கி வளைவில் அது கேட்கத் தொடங்கினால், தேயிலைக் கொழுந்து பறிக்கப் புறப்படுகிற அவசரத்திலும் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு கையில் சில்லறையுமாக வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

பாட்டுக்குப் பின்னால் நாய் வரும். அதன் பெயர் கிம்புலா.

கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. சீனி தூவிய நீள பணிஸுக்கும் நாடு முழுக்க அதுதான் பெயர். துரை பங்களாவின் லெப்ரடோர் ஒருநாள் வேலி தாண்டிப் போய்ச் செய்த காரியத்தின் பலனாகப் பிறந்த குட்டி இது. அம்புறோஸ் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது, வயிறு தரையில் பட நாலு காலையும் நீட்டிப் படுத்தது. நிறமும் அந்த பணிஸின் நிறம். "கிம்புலா மாதிரியே கெடக்குது பாருங்க" என்றாள் அவர் மனைவி மேபல். ஞானஸ்நானம் அத்தோடு முடிந்தது.

மகன் கட்டாரிலும் மகள் கொழும்பிலுமாகப் போய்விட்ட வீட்டில் குட்டிக்குச் செல்லத்துக்கு என்ன குறை? பெட்டியில் மிஞ்சிய பணிஸ் எல்லாம் அதற்குத்தான். வயது ஒன்று முடிவதற்குள் கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்துவிட்டது. காலையில் பாட்டு டாங்கி வளைவுக்கு வரும்போதே காதைத் தூக்கும். வண்டி தலை காட்டியதும் பின்னால் பாய்ந்தால், மேல் டிவிஷன் டிஸ்பென்சரி வரை ஓட்டம்தான். வண்டியே முதல் கியரில் முக்குகிற ஏற்றம் அது. ஒவ்வொரு லயத்திலும் யாராவது ஒரு பணிஸ் துண்டை விட்டெறிவார்கள். அதைக் காற்றிலேயே கவ்விக்கொண்டு மறுபடி ஓடும். அம்புறோஸ் ரோட்டைப் பார்த்ததைவிடப் பக்கக் கண்ணாடியைப் பார்த்ததுதான் கூட.

"அண்ணே, நீங்க பாண் விக்கிறீங்களா, நாய் ஓட்டிக் காட்டுறீங்களா?" என்று கேட்பான் கணேஸ். அடுத்த காம்பராவில், பக்கத்து வீட்டில், இருப்பவன். டவுனுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் கூட.

"ரெண்டுந்தான்டா. பாணுக்குத்தான் காசு" என்பார் அம்புறோஸ். அந்தப் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில்தான் கிம்புலா தலையாட்டத் தொடங்கியது. நடக்கும்போது இடது முன்னங்காலை ஊன்றும் நேரம் தலை மேலே போய்வரும். முதலில் அதை நொண்டல் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆமாம் சாமி போடுகிறது என்று கணேஸ் சிரித்தான். பிறகு காலையில் எழும்பவே யோசித்தது. எழும்பி நாலு எட்டு வைத்தால்தான் கால் இளகும். மேபல் பாதத்தை விரித்து முள் தேடினாள். முள்ளும் இல்லை, கண்ணாடித் துண்டும் இல்லை. கணேஸ் தைலம் கொண்டுவந்து தேய்த்தான். நாய் அத்தனையையும் நக்கிவிட்டு அவன் செருப்பிலேயே வாந்தியெடுத்தது. அதன் பிறகுதான் பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் நஸ்லியா சின்ன வயதுப் பெண். முக்காடு போட்டிருந்தார். ஊர் கட்டுகஸ்தோட்டை. கிம்புலாவின் முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டியபோது, ஒருநாளும் அழாத நாய் ஒரு சத்தம் போட்டது.

"மூட்டுக்குள்ள ஏதோ பிரச்சின ஈக்கிது அங்கிள். எக்ஸ்ரே எடுத்துத்தான் என்னன்டு செல்லேலும். அடுத்த கெழம வாங்க. அதுவரைக்கும் வலிக்கு இந்தக் குளிச. கட்டாயம் கட்டிப் போடுங்க. ஓட வாணாம், பாயவும் வாணாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. திரும்பி வரும்போது ரோட்டோரத்து அந்தோனியார் சுரூபத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி மேபல் இறங்கினாள். மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கால் சுகமாகி நாய் நடந்தால், அடுத்த செவ்வாய் பிள்ளைமடுவத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தோனியார் பாண் கொடுப்பதாக நேர்த்திக்கடன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த மடுவத்தில்தான் அவளுக்கு வேலை. பாணுக்கும் வெளியே போக வேண்டாம். நேர்த்தி என்று பார்த்தால் வசதியான நேர்த்திதான்.

இரண்டொரு நாளில் தலையாட்டம் நின்றது. கிம்புலா நேராக நடந்தது. வாளியைச் சுற்றி வந்தது, கோழியை முறைத்தது. மேபல் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

குளிசையும் கொடுத்தோமே என்று அம்புறோஸுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைச் சொல்லாமல் விட்டார். நேர்த்தி பலித்த வீட்டில் குளிசைக் கதை பேசினால் நன்றாகவா இருக்கும்?

"அவுத்து விடுங்க" என்றாள் மேபல்.

"எக்ஸ்ரே எடுக்கும்வரைக்கும் கட்டச் சொன்னாங்களே, புள்ள."

"கேட்டும் வாங்கிட்டு, கட்டியும் போட்டா அந்தோனியாரு என்னா நெனப்பாரு? நம்பாம கேட்டியான்னு கேக்க மாட்டாரா? சொகமான கால்ல மருந்து எதுக்கு, எக்ஸ்ரே எதுக்கு?"

அவர் இன்னொரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கண்ணாடியில் நாய் இல்லாத ரோட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் சலித்துப் போயிருந்தது. செவ்வாய் காலை மடுவத்துப் பிள்ளைகள் முதல்நாளே ஒதுக்கி வைத்த பாணில் ஆளுக்கொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க, பாட்டு ஏறி வந்தது. சங்கிலி இல்லாத கிம்புலா அதன் பின்னால் பறந்தது. பிள்ளைகள் கூவினார்கள். அம்புறோஸ் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. காலையில் கிம்புலா சாக்கை விட்டு எழும்பவில்லை. மேபல் கஞ்சியைப் பக்கத்தில் வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் டாங்கி வளைவில் பாட்டு கேட்டது. நாய் எழும்பிற்று. மேபல் கையை நீட்டுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது. மூன்று காலில்தான் ஓடியது. இடது கால் காற்றில் தொங்கியது. கோயில் வளைவில் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வலது முன்னங்காலும் மடிந்து, முகம் தார் ரோட்டில் படக் குப்புற விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து நெஞ்சால் ஊர்ந்து வந்தது.

அம்புறோஸ் அதைக் கண்ணாடியில் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். பாட்டை நிறுத்த சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று கைக்கு மறந்துவிட்டது. மழையில் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மேலே பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கணேஸ் ஓடிவந்துதான் அதை நிறுத்தினான். அன்றைக்கு மேல் டிவிஷனுக்குப் பாண் போகவில்லை.

கணேஸின் ஆட்டோவில்தான் மறுபடியும் பேராதனை. டாக்டர் நஸ்லியா எக்ஸ்ரேயைக் கம்பியூட்டரில் பெரிதாக்கி, பேனையால் தொட்டுக் காட்டினார். கோபித்துக்கொள்வார் என்று மூவரும் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். அவர் கோபிக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"இந்த மூட்டு எலும்பெல்லாம் ஒன்னுக்கொன்னு சரியாப் பொருந்தல்ல, பாருங்க. பொறப்புலயே உள்ளது. இந்தச் சாதி நாய்களுக்கு வாறதுதான். இதுல சின்னத் துண்டொன்னு வெடிச்சி உள்ளுக்கே கெடக்குது. கால் வெக்க வெக்க அது உரசுது. வலது பக்கமும் அவ்வளவு நல்லமில்ல."

"பாண் தின்னதுனாலயா மிஸ்?" மேபல் கேட்டாள்.

"பாணால வந்ததில்ல, ஆன்ட்டி. பாணால கூடின. பாரம் மிச்சம் கூட. அந்த ஏத்தத்துல ஓடினது அதவிட." அவர் சற்று நிறுத்திக் கேட்டார்: "குளிச குடுத்தீங்களா?"

மேபல் நேர்த்தியைச் சொன்னாள். மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் சிரிக்காமல் கேட்டார்.

"எங்கட வீட்டுலயும் நேர்ச்ச செய்வாங்க" என்றார். "குளிச வலியத்தான் மறக்கச் செய்யும், ஆன்ட்டி. வலி மறந்ததும் சொகம்னு எல்லாரும் நெனக்கிறதுதான்."

அம்புறோஸுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"அது சந்தோசமாத்தானே மிஸ் ஓடுச்சு? வாலெல்லாம் ஆட்டிக்கிட்டு. வலிச்சா ஓடுமா?"

"ஓடும் அங்கிள்."

"மூணு கால்லயும்?"

"வலியோடதான் ஓடியீக்கும். இந்த ஒரு கெழம இல்ல, அதுக்கு முன்னுக்கும். ஒங்களுக்குப் பின்னால வாறது அதுக்கு வலிய விடப் பெருசு."

அம்புறோஸ் சுவரைப் பார்த்தார். சுவரில் மாடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பற்றிய படம் ஒன்று இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆபரேஷன். மூட்டைத் திறந்து உரசுகிற துண்டை எடுத்துவிடுவது. வயது குறைவாக இருக்கும்போதே செய்தால் பலன் கூட. வலி நன்றாகக் குறைய இடமுண்டு. ஆனால் மூட்டு புதிதாகிவிடாது, வயது போகப் போகத் தேய்மானம் வரத்தான் செய்யும். செய்த பிறகு வாரக்கணக்கில் கட்டி வைத்து, கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்க வேண்டும். மற்றது, கத்தி வைக்காமல் குளிசையும் பத்தியமுமாகப் பார்த்துக்கொள்வது. வலி வரும் போகும். துண்டு உள்ளேயே கிடந்து மூட்டை இன்னும் அரிக்கும்.

"ஊசி ஒன்னு போட்டு அனுப்புறதும் இருக்காமே" என்றான் கணேஸ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. மேபல் பார்த்த பார்வையில் வாசலுக்குப் போய்விட்டான்.

"அதுக்கான நோயில்ல இது" என்றார் டாக்டர் அமைதியாக.

"ஆபரேஷன் செஞ்சா மறுபடி ஓடுமா, மிஸ்?" அம்புறோஸ் கேட்டார்.

"நடக்கும். நல்லா நடக்கும்னு நம்புறன்."

"ஓடுமான்னு…"

"வண்டிக்குப் பின்னாலயா? இல்ல அங்கிள். எந்த வழிய எடுத்தாலும் அது முடிஞ்ச கத. திங்கக்கெழம யோசிச்சி முடிவச் செல்லுங்க."

வீட்டுக்கு வந்தும் மழை விடவில்லை. அடுப்படியில் மேபல் ரொட்டி தட்டினாள். அம்மியில் மிளகாய் அரைத்துக் கட்டச்சம்பல். பாண் விற்கிற வீட்டில் அன்று பாணைக் கண்ணால் பார்க்க இருவருக்கும் பிடிக்கவில்லை. கிம்புலா அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு முன்னங்காலையும் தனக்கு வேண்டாதவை போலத் தள்ளி வைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஆபரேஷனுக்கு வேண்டிய காசைக் கணேஸ், தன் வாய்க்குப் பரிகாரமாக, தன் சீட்டை முதலில் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டான். ஆகவே காசில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. முடிவெடுத்தே ஆக வேண்டும்.

"வெட்ட வேணாங்க" என்றாள் மேபல், ரொட்டியைப் புரட்டியபடி. "வெட்டியும் ஓடாதாம். புதுசாவும் ஆகாதாம். அப்புறம் எதுக்கு அந்த உசுரப் படுத்துறது?"

"அதான் நானும் நெனைக்கிறேன்."

அவர் அப்படி உடனே ஒத்துக்கொண்டது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"ஆஸ்பத்திரியில மொத வாட்டி ஆபரேஷன்னு சொன்னப்ப ஒங்க மூஞ்சி மலந்துச்சே. நான் பாத்தேன்."

"ஓடும்னு நெனச்சேன்."

"ஓடாதுன்னதும் வேணாமா?"

அம்புறோஸ் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. அந்த நேரம் கிம்புலாவுக்குத் தண்ணீர் தவித்தது. சட்டி கதவோரம் இருந்தது, நாலு எட்டு தூரம். முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது. முன்பக்கத்தைத் தூக்கப் போய் நிறுத்தியது. அம்புறோஸைப் பார்த்தது. ஒரு காலை வைத்துப் பார்த்து எடுத்தது. கடைசியில் தண்ணீர் வேண்டாம் என்று தீர்மானித்ததுபோல மறுபடி படுத்து, வெறும் வாயை நக்கிக்கொண்டது.

அவர் எழும்பிப் போய்ச் சட்டியை எடுத்துவந்து அதன் வாய்க்குக் கீழே பிடித்தார். படுத்தபடியே குடித்தது. குடித்து முடித்து அவர் கையை நக்கியது.

"நான்தான் புள்ள ஓட்டுனேன்" என்றார். "அன்னைக்கிச் செவ்வாக்கெழம, நல்லா முறுக்குனேன். பிள்ளைங்க பாக்குதேன்னு. அது வலியோட ஓடியாருது, நான் கண்ணாடியில பாத்துச் சிரிச்சுக்கிட்டுப் போறேன்."

மேபல் அடுப்பை அவித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கிம்புலாவுக்கு அந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் மட்டும் என்னாவாம்? அவுத்துவிடச் சொன்னது நானு." நாயின் காதைத் தடவினாள். "இவ்வளவு நேரமும் ஒரு விசயத்தத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்தோனியாருகிட்ட நான் என்னா கேட்டேன் தெரியுமா? நடக்கணும்னு கேட்டேன். ஓடணும்னு கேக்கவே இல்ல. அவரு கேட்டதக் குடுத்தாரு. நடந்துச்சுதானே? மேல கொண்டு போய் ஓட விட்டது நாம."

"அப்போ?"

"அப்போ, நடக்கறதுக்கு ஒரு வழி இருக்குன்னு அந்த டாக்டர் புள்ள சொல்லுது. வலியில்லாம. அதுக்கு வெட்டணும்னா வெட்டட்டும். மடுவத்துல போன வருசம் ஒரு பயலுக்குக் கால்ல மாக்கட்டுப் போட்டு விட்டாங்க. ஓடாத ஓடாதன்னு மடியில வச்சே ஒப்பேத்துனேன். ரெண்டு கால் பிள்ளையவே ஒக்கார வச்சவ நானு. இத ஒக்கார வைக்க மாட்டேனா?"

"ஓடாதே, மேபலு. இனிமே ஒருநாளும் ஓடாதே."

"ஓட வேணாங்க. தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போகட்டும். அது போதும்."

அம்புறோஸ் தலையாட்டினார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்னத் தொடங்கினார். கிம்புலா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து பார்த்தது. இருவரும் ஒரே குரலில் "இல்ல" என்றார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எடுத்த துண்டு பச்சரிசி அளவுதான் இருந்தது. இவ்வளவு சின்னதா இத்தனை பாடு படுத்தியது என்று அம்புறோஸ் அதைப் போத்தலுக்குள் வெகுநேரம் பார்த்தார். முடி வழித்த காலும் கழுத்தில் பிளாஸ்டிக் புனலுமாக வீடு வந்த கிம்புலாவைப் பார்க்க லயமே வந்தது. வந்தவர்களிடமிருந்த பணிஸ்களை மேபல் வாசலிலேயே பறித்துவிட்டாள்.

தொல்லை மறுநாள் காலையில் வந்தது. அம்புறோஸ் டாங்கி வளைவில் பாட்டைப் போட்டதுதான் தாமதம், கட்டில் காலில் கட்டியிருந்த நாய் கட்டிலோடு எழும்பப் பார்த்ததாம். மேபல் அதன்மேலே படுத்து அமுக்கிப் பிடித்திருக்கிறாள். தையலில் இரத்தம் கசிந்திருந்தது.

அடுத்த நாள் அவர் பாட்டைப் போடவில்லை. சத்தமில்லாமல் வண்டி வந்து நின்றதைப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களோ என்று கீழ் லயத்தில் பதறிப்போனார்கள். அன்றும் நாய் எழும்பிவிட்டது.

"பாட்டுக்கா வந்துச்சுன்னு நெனச்சீங்க?" என்றாள் மேபல். "ஒங்க வண்டி இரையுறது அதுக்குத் தெரியும். பத்து வண்டி வந்தாலும் தெரியும்."

அதைக் கேட்டு அவருக்கு வந்த சந்தோஷத்தை அவர் காட்டிக்கொள்ளவில்லை. காட்டுகிற நேரமா அது? யோசித்து, பாதையையே மாற்றினார். பக்டரி ரோடு மலைக்கு அந்தப் பக்கத்தால் சுற்றி ஏறும். அந்த வழியே போனால் எஞ்சின் சத்தம் வீட்டுக்குக் கேட்காது. முதலில் மேல் டிவிஷன், பிறகு இறக்கம். தங்கள் லயத்துக்கு மேலே உள்ள வளைவில் எஞ்சினை அணைத்து, வண்டியை அதன் பாரத்திலேயே டாங்கி வளைவு தாண்டும் வரைக்கும் உருள விடுவது. மேல் டிவிஷன்காரர்களுக்கு முதல்தடவையாகச் சுடுபாண் கிடைத்தது. கீழ் லயத்துப் பெண்கள், ஆறின பாணைக் கொண்டுவந்து தலையில் கட்டுவதாக ஏசினார்கள். ஏசினாலும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார்கள். கூப்பிடுவதற்குப் பதிலாகக் கையைக் காட்டினார்கள். பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு நின்றது பார்க்க வேடிக்கையாக இருந்தது.

புனல் கழற்றிய பிறகு ஒரு காலை. பனி இறங்கி ரோடு ஈரமாக இருந்தது. அம்புறோஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. சில்லுகள் உருளும் சத்தமும், பெட்டிக்குள் தட்டுகள் இலேசாக அசையும் சத்தமும்தான் மிச்சம். சொந்த வீட்டைக் கள்ளனைப்போலக் கடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம் அவருக்கு ஒவ்வொரு நாளும் கசந்தது. நாய் தன்னை மறந்துவிடுமோ என்றுகூட ஒரு பைத்தியக்கார நினைப்பு.

மேபல் வேலைக்குப் போகுமுன் வாசல் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் நுனி அவள் கையில். பக்கத்தில் கிம்புலா, கண்ணை மூடிக்கொண்டு.

பாட்டை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தினார். பாணின் வாசத்தை என்ன செய்வது? காற்று வாசல் பக்கம்தான் வீசியது. நாயின் மூக்கு அசைந்தது. கண் திறந்தது. தலையைத் தூக்கி வண்டியை நேராகப் பார்த்தது.

அம்புறோஸ், வராதே, வராதே என்று மனசுக்குள் கெஞ்சினார். மேபல் கயிற்றை இறுக்கவில்லை. வெறும் கையை அதன் முதுகில் வைத்தாள். கிம்புலா எழும்பியது, சிரமமில்லாமல், நாலு காலையும் ஊன்றி. தலை ஆடவில்லை. படியோரம் இரண்டு எட்டு நடந்துவந்து, வண்டி போகிற வழிக்கு முகத்தைத் திருப்பி, திரும்பவும் படுத்தது. வால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அம்புறோஸ் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ரோடு வெறுமையாக இருந்தது. டாங்கி வளைவு அவர்களை மறைக்கும்வரை கண்ணாடியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பிடித்தான்டா மகனே" என்றார் கண்ணாடியிடம். "அப்பிடியே படு. நான் வந்துருவேன்."